ஐம்பத்தெட்டு சதவீதம்

எண்பத்தொன்று. காலையில் எண்பது. இத்தனை பாடுபட்ட பிறகு இறங்க வேண்டியது ஏறியிருக்கிறது, இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்ல. பொன்னுலிங்கம் மீட்டரைக் கையில் எடுத்து வேட்டி நுனியால் அதன் முகத்தைத் துடைத்து மறுபடியும் பார்த்தார். எண்பத்தொன்றுதான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சாமான், மேலே அறையின் சூடு, கீழே காற்றின் ஈரம், ஓரத்தில் ஒரு பொம்மை மூஞ்சி வேறு, ஈரம் அதிகமானால் அது உதட்டைப் பிதுக்கிக்கொள்ளும். மூன்று நாளாகப் பிதுக்கிக்கொண்டுதான் இருக்கிறது. மணி இரண்டு. நாலு மணிக்குக் கனி வந்துவிடுவாள். சண்முகக்கனி, அவர் மனைவி, மூச்சிளைப்பு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து, அங்கிருந்து நேரே கோவில்பட்டியில் தங்கச்சி வீட்டுக்குப் போனவள், நாற்பத்தோரு நாள் கழித்து இன்றைக்குத்தான் தூத்துக்குடிக்குத் திரும்புகிறாள். இந்த அறையில்தான் படுப்பாள், இந்தக் கட்டிலில்தான், இந்தக் காற்றைத்தான் இழுப்பாள். ஈரம் அறுபதுக்குக் கீழே இருந்தால் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவரும் நாற்பத்தோரு நாளாக, காலை எழுந்ததும் முதல் வேலையாக, மீட்டரைப் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தேழு, மறுபடி ஐம்பத்தெட்டு. ஒன்றுகூட அறுபதைத் தாண்டவில்லை. மனுசன் லேசுப்பட்ட ஆளில்லை. அறையின் நாலு மூலையிலும் நாலு எவர்சில்வர் தாம்பாளம், தாம்பாளம் நிறையக் கல்லுப்பு, உப்பளத்துச் சேக்காளி ஒருவரிடம் சாக்கோடு வாங்கி வந்தது. உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது இந்த ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். இழுக்கத்தான் செய்தது. இழுத்ததை எங்கே கொண்டுபோய் வைக்கும்? தாம்பாளத்தில் கசிந்து, விளிம்பு தாண்டி, தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. முட்டி போட்டுத் துடைத்தார். துடைத்த துணியை எங்கே காயப்போடுவது? இங்கே போட்டால் அதுவும் ஈரம். வெளியே கொண்டுபோகக் கதவைத் திறக்க வேண்டும், திறந்தால் ஹாலில் இருக்கிற ஈரம் உள்ளே வரும். துணியைக் கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார், பிறகு அதைக் குளியலறை வாளியில் கொண்டுபோய்ப் போட்டார்.

போன் அடித்தது. கனிதான். "என்னங்க, பஸ்ஸு ஏறிட்டேன். சன்னலோரத்துல எடம் கெடச்சிட்டு," என்றாள். தங்கச்சி ராசக்கனி கூட வரவில்லையா என்று கேட்டார். "அவ எதுக்கு? நா என்ன சின்னப்பிள்ளையா?" என்றாள். பிறகு, "இன்னைக்கு போட்டோ பாத்தேன். அம்பத்தெட்டு," என்றாள். "ஆமா, அம்பத்தெட்டு," என்றார் இவர். "அதே அம்பத்தெட்டு," என்றாள் அவள், அப்புறம் பஸ் இரைச்சல் மட்டும் கேட்டது. "ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்ங்க. போன்ல வேண்டாம்." என்ன என்னவென்று இவர் பதறினார். "வந்து சொல்லுதேன்னு சொல்லுதேம்லா, அதுக்குள்ள என்ன அவுதி? மீனுக்குச் சாப்பாடு போட்டீயளா?" போட்டாச்சு என்றார். போடவில்லை. சூட்டில் அதுகள் தின்னாது, தின்றால் தண்ணீர் கெடும், அதனால் நேற்றிலிருந்து பட்டினி. இதையும் பொய்யாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது, ஒன்றோடு ஒன்றாகப் போகட்டும். போனை வைத்த பிறகும் அந்த 'அதே' காதிலேயே நின்றது. அதே அம்பத்தெட்டு. அது என்ன தொனி? சந்தோஷமாகச் சொன்னாளா, குத்தலாகச் சொன்னாளா? கண்டுபிடித்துவிட்டாளோ? ராசக்கனி படித்தவள், பேங்கில் இருக்கிறவள், போட்டோவைப் பெரிசு பண்ணிப் பார்த்திருப்பாள், பின்னால் ஏசியின் வெள்ளை ஓரம் தெரிந்திருக்கும், அக்கா, அத்தான் இதை ஏசிக்கு நேரா வச்சு எடுத்திருக்காருன்னு சொல்லியிருப்பாள். அதைத்தான் வந்து சொல்லுதேன் என்கிறாள். முகத்துக்கு நேராகக் கேட்பதற்கு வருகிறாள். இல்லை, கேட்பதற்காக ஒருத்தி அறுபது கிலோமீட்டர் பஸ்ஸில் வருவாளா, போனிலேயே கிழித்திருக்க மாட்டாளா? கனியா? அவள் கிழிக்கிற ஆளே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. சன்னலோரத்தில் எடம் கெடச்சிட்டு என்றாளே, நல்ல வெயில், நல்ல காய்ந்த காற்று, கரிசக்காட்டுக் காற்று, அந்த மட்டுக்கும் வழியிலாவது நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு வரட்டும் என்று நினைத்தார்.

ஹாலுக்கு வந்து தொட்டியைப் பார்த்தார். பார்க்காமல் எங்கே போவது, ஹாலில் ஒரு சுவரே அதுதான். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருந்த செங்கல் சுவரை உடைத்து, அந்த இடத்தில் ஒன்பதடி நீளம், மூன்றடி உயரத்துக்குக் கண்ணாடித் தொட்டி, ஆயிரத்து நூறு லிட்டர். ஹால் பக்கம் கண்ணாடி, படுக்கையறைப் பக்கம் பலகையடித்து மூடியது, மேலே மூடி போட்ட மரப்பெட்டி. நாலு வருசத்துக்கு முன்பு ரிட்டையர் ஆன மறுமாசம் தன் கையால் வரைந்து, தன் கையால் நின்று செய்த வேலை. தண்ணீரின் சூடு இப்போது முப்பத்திரண்டு புள்ளி எட்டு. நேற்று சாயங்காலம் இருபத்தொன்பதரை. ஐந்து ஆஸ்கார் மீனும் மேலே வந்து தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்துக்கொண்டு காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. பெரியது, இவர் துரை என்று கூப்பிடுகிறது, இவரைக் கண்டதும் கண்ணாடிக்கு ஓடி வருவது, இன்றைக்கு வரவில்லை, ஒரு கண்ணைத் திருப்பிப் பார்த்ததோடு சரி. "வாரேன்டா, வாரேன்," என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்தார். குபீரென்று ஆவி முகத்தில் அடித்தது. இது ஒன்றும் பெரிய வித்தையில்லை, தண்ணீர் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் கூட்டிக்கொண்டு போகும், மூடியைத் திறந்து விசிறியைப் போட்டால் மூன்று மணி நேரத்தில் இரண்டு டிகிரி இறங்கும். இறங்கின சூடு ஈரமாக வீட்டுக்குள் ஏறும். மூடினால் மீன் வேகும், திறந்தால் அறை நனையும். ஒன்று இறங்கினால் இன்னொன்று ஏறுகிறது. முப்பத்திரண்டு வருசம் ஏற்றுமதி இறால் வைக்கிற குளிர்கிடங்கில் சூப்பர்வைசராக இருந்தவர், ஒரு மைதானம் அளவு கட்டிடத்தை மைனஸ் பதினெட்டில் வைத்திருந்தவர், எனக்கா காத்தப் பத்திச் சொல்லித் தர்றீக என்று பிளம்பர், தச்சர், டாக்டர் வரைக்கும் எல்லார் வாயையும் அடைத்தவர், ஒரு படுக்கையறையை அடக்க முடியாமல் அல்லாடினார். மூடியைச் சாத்தினார். அரை நிமிசம் கழித்து ஒரு சாண் திறந்துவைத்தார். அந்த ஒரு சாணும் உறுத்தியது. ப்ரீசரில் உறைய வைத்திருந்த தண்ணீர் பாட்டில்கள் மூன்றைக் கொண்டுவந்து தொட்டியில் மிதக்க விட்டார், ஆயிரத்து நூறு லிட்டருக்கு மூன்று பாட்டில்.

திறந்துவைத்தால் என்ன, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு ஆவியை வெளியே தள்ளிவிட வேண்டியதுதானே என்று யாரும் கேட்பார்கள். கேட்கத்தான் செய்தார்கள். இவரும், அதெல்லாம் பக்காவா வச்சிருக்கேன், பெட்டிக்குள்ள ஃபேன், ஃபேன்லருந்து நாலு இஞ்சு குழாய், என்று சொல்லுவார். குழாய் எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. அந்த இடத்துக்கு நினைப்பு வரும்போதெல்லாம் அதை வேறு பக்கம் திருப்பிவிடுவார், மோட்டார் சத்தம், வோல்டேஜ், பில்டர் பஞ்சு. இன்றைக்குத் திருப்ப முடியவில்லை. வெளிச்சுவரில் ஓட்டை போட அப்பார்ட்மென்ட் சங்கத்தில் விடவில்லை, முகப்பு அசிங்கமாகிவிடும் என்றார்கள். தொட்டியில் தண்ணீர் நிரப்பியாகிவிட்டது, மறுநாள் சொந்தக்காரர்கள் பார்க்க வருகிறார்கள், கிடங்கில் கூட வேலை பார்த்தவர்கள் வருகிறார்கள். சரி, இப்போதைக்கு என்று குழாயைத் திருப்பிப் படுக்கையறை லாஃப்டுக்குள் விட்டுவிட்டார். இப்போதைக்குத்தான். நாலு வருசத்து இப்போதைக்கு. லாஃப்டுக்குக் கதவு உண்டு, யாருக்கும் தெரியாது, கனிக்கும் தெரியாது. மூன்று நாளைக்கு முன்பு, அவள் வரப்போகிறாளே, கொஞ்சம் சுத்தம் பண்ணுவோம் என்று ஏணி போட்டு ஏறிக் கதவைத் திறந்தவர், ஏணியிலேயே நின்றுவிட்டார். மேலே போட்டிருந்த மெத்தை, பெட்டி, சுவர், தளம் எல்லாம் கறுப்பும் பச்சையுமாகப் பூசணம், தொட்டால் பொடியாக உதிர்ந்தது, மூக்கில் ஏறியது, அவருக்கே நாலு தும்மல் வந்தது. கதவு இடுக்கு வழியாக அந்தப் பொடி இறங்கி வந்த தடம் சுவரில் தெரிந்தது. தடம் நேரே கனியின் தலையணை மேல் வந்து முடிந்தது. ஏணியைப் பிடித்துக்கொண்டு, ஏ முருகா என்றார். மெத்தையைத் தூக்கிப் போட்டார், பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தேய்த்தார், குழாய் வாயில் சாக்கை அடைத்தார், ஃபேனை நிறுத்தினார், தொட்டிப் பெட்டியை மூடினார். இப்போது அறை முழுக்க பிளீச்சிங் வாடை. சன்னலைத் திறந்தால் போகும். திறந்தால் கடல் ஈரம் வரும். அந்த வாடையும் இளைப்புக்காரிக்கு ஆகாதே என்பது தேய்த்து முடித்த பிறகுதான் உறைத்தது.

ஆனால் முதல் ஐம்பத்தெட்டு பொய்யில்லை. இதை அவர் யாரிடமும் வாதாடத் தயார். ஒன்றரை வருசத்துக்கு முன்பு கனிக்கு முதல் தடவை இளைத்தபோது மீட்டரை வாங்கி வந்தார். படுக்கையறையில் வைத்தார், எழுபத்தொன்பது. ஹாலில் வைத்தார், எழுபத்துமூன்று. ஏசிக்கு நேரே ஷோகேஸ் மேல் வைத்தார், ஐம்பத்தெட்டு. பொம்மை சிரித்தது. மீட்டர் காட்டினதுதானே, இவர் வாயால் சொன்னதா? இந்த வீட்டுக்குள்தானே காட்டியது, அடுத்த வீட்டிலா? அங்கேயே வைத்துவிட்டார். பக்கத்தில் ஒரு நோட்டு, நோட்டில் கோடு போட்டு, தேதி, நேரம், ஈரம். கனி தூசி தட்டும்போது அதை எடுத்துப் பார்ப்பாள். வீட்டுல ஈரமெல்லாம் ஒண்ணுமில்ல பாரு, என்று இவர் சொல்லுவார். அப்ப ஏன் இப்படி இளைக்கு என்று அவள் கேட்பாள். வயசாகுதுல்லா, என்பார். வயசாகுதாம். ஐம்பத்தாறு வயசுப் பொம்பிளையிடம் சொல்லுகிற பேச்சா அது. பங்குனி கடைசியில் ஆக்சிஜன் வைத்து இரண்டு நாள் கிடந்தாள், உதடெல்லாம் நீலம் பாய்ந்து, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இவர் பக்கம் திரும்பி எதையோ சொல்ல வாயைத் திறந்து திறந்து மூடினாள், இன்றைக்கு மீன்கள் செய்கிற மாதிரியேதான். டாக்டர் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார், வீட்டில் எங்கேயாவது ஈரம் உண்டா, மீன் தொட்டி இருக்கிறதாமே, என்று. கனி இவரைப் பார்த்தாள். அந்த ஒரு விநாடி. அந்த விநாடியை மட்டும் பிடித்து நிறுத்த முடிந்தால். மீட்டர் வச்சிருக்கேன் டாக்டர், அம்பத்தெட்டுக்கு மேல ஏறாது, என்றது வாய். டாக்டர் அதைக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். அப்ப வீடு காரணமில்ல, வேற ஏதாவதான்னு போகப் போகப் பாப்போம், இருந்தாலும் அறுபதுக்குக் கீழேயே இருக்கட்டும், என்றார். கனி தலையைக் குனிந்துகொண்டாள். மீன் தொட்டியை எடுக்க வேண்டாம் என்ற நிம்மதியில் குனிகிறாள் என்றுதான் இவர் நினைத்துக்கொண்டார். இல்லாவிட்டால் எதற்குக் குனிவாள்?

நிறைய எழுதின கைதான் அது. கிடங்கில் ஒரு ரெஜிஸ்டர் உண்டு, மணிக்கொரு தடவை உள்ளே போய் சூட்டைப் பார்த்து எழுத வேண்டும். யார் போவது? அந்தக் குளிருக்குள் கோட்டை மாட்டிக்கொண்டு மணிக்கொரு தரம் போனால் எலும்பு பேசும். ஷிஃப்டுக்கு வந்ததும் எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்து மைனஸ் பதினெட்டு, மைனஸ் பதினெட்டு என்று எட்டுத் தடவை எழுதிவைத்துவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவர் மட்டுமா, எல்லாரும்தான், இவருக்கு முன்னால் இருந்தவரும்தான், அப்படி எழுதத்தான் இவருக்கே அவர் சொல்லிக்கொடுத்தார். எங்கேயாவது மைனஸ் பதினேழரை என்று ஒன்றைப் போடு, அப்பத்தான் நம்புவான், என்றார். அதனால்தான் நடுநடுவே ஐம்பத்தேழும் போட்டு அனுப்பினது. ஒரு தீபாவளி அன்று, பகல் ஷிஃப்டு, கம்ப்ரஸர் நின்றுபோய் ஐந்து மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்து ஓடிப்போய்த் திறந்தபோது பெட்டியெல்லாம் வேர்த்து, தரையில் தண்ணீர். ரெஜிஸ்டரில் மைனஸ் பதினெட்டு. மெக்கானிக் வந்தார், ஓடவிட்டார், மறுபடி உறைந்தது, வெளியே பார்க்க ஒரு வித்தியாசமும் கிடையாது. மறுவாரம் அந்த இறால் கப்பல் ஏறியது. கேள்வியில்லை, முறையில்லை, திரும்பி வரவில்லை. அது திரும்பி வந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். யாரு தின்னாகளோ. எந்த ஊரில், எந்த மேசையில், யார் வீட்டுப் பிள்ளை. வருசத்துக்கு ஒரு தடவையாவது, சாப்பிட உட்காரும்போது, காரணமே இல்லாமல் அந்த நினைப்பு வரும், யாரு தின்னாகளோ. வந்தால் இரண்டு வாய் குறைத்துச் சாப்பிட்டு எழுந்துவிடுவார். முகம் தெரியாத ஆள், அதனால் மறந்துவிடவும் முடிந்தது. கனிக்கு முகம் இருக்கிறது. எட்டையபுரம் வந்திருப்பாளா இந்நேரம்?

வந்திருந்தாள். "எட்டையபுரம் தாண்டியாச்சுங்க," என்றாள். இவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று தன்னைத்தானே உந்தினார். இறங்கி எதிர்ப் பஸ் ஏறச் சொல்லலாம், இன்னும் நேரமிருக்கிறது. "கனி," என்றார். "சொல்லுங்க." "இளைக்கா?" "இப்ப ஒண்ணுமில்ல. மருந்து போட்டுக்கிட்டுத்தான இருக்கேன். வீட்டுக்கு வரணும்னு இருக்குங்க, நாப்பது நாளு அடுத்த வீட்டுச் சோறு. நம்ம கட்டில்ல காலை நீட்டிப் படுக்கணும்." "வா, வா," என்றார். அவ்வளவுதான் வந்தது வாயில். வா, வா. நாற்பத்தோரு நாளாகத் தனியாக ரசமும் அப்பளமும் வைத்துத் தின்கிற மனுசன், அவள் சேலை கொடியில் இல்லாத வீட்டில் டிவியைப் போட்டுவிட்டுத் தூங்குகிறவன், வேறென்ன சொல்லுவான்? போனை வைக்கவும், எதிர்வீட்டு ஜெசிந்தா டீச்சர் கதவைத் தட்டவும் சரியாக இருந்தது. "அண்ணாச்சி, கொண்டல் வந்துட்டு! என்ன இப்படி எல்லாத்தையும் அடைச்சுப் போட்டுக் கெடக்கிய, சன்னலத் தொறங்க, மதினி வேற வாராக!" என்று வராண்டாவில் நின்று சத்தம் போட்டார். கிழக்கே கடலிலிருந்து வருகிற காற்று அது, அக்கினி நட்சத்திரத்தில் ஊரே வாயைப் பிளந்துகொண்டு அதற்காகத்தான் காத்துக் கிடக்கும், வந்துவிட்டால் போதும், வீட்டு வீட்டுக்குச் சன்னல் திறக்கிற சத்தம் கேட்கும். பொன்னுலிங்கத்துக்கு அது எமன். குளிர்ச்சியாக வருகிற மாதிரி வரும், வரும்போதே கடலை முதுகில் சுமந்துகொண்டு வரும். காய்ந்த காற்று இருக்கிற வரைக்கும்தான் விசிறி தொட்டியைக் குளிரவைக்கும், ஈரக்காற்று வந்துவிட்டால் தண்ணீர் ஆவியாகவும் மறுக்கும், சூடு இறங்கவும் மறுக்கும். இனிமேல் மூடியைத் திறந்து வைத்தும் பிரயோசனமில்லை, மூடி வைத்தும் பிரயோசனமில்லை. "தொறக்கேன் டீச்சர்," என்றார் கதவைத் திறக்காமலே. உள்ளே ஸ்டெபிலைசர் டக்கென்று விழுந்தது, வோல்டேஜ் இறங்கி ஏசி நின்றுவிட்டது. ஐம்பத்தெட்டு காட்டுகிற அந்த ஒரே இடமும் போயிற்று.

முப்பத்துமூன்று புள்ளி இரண்டு. படுக்கையறைக்கு ஓடினார், எண்பத்திரண்டு. ஹாலுக்கு ஓடினார். மூன்று பாட்டிலிலும் ஐஸ் கரைந்து வெறும் தண்ணீராக மிதந்தன. சின்ன ஆஸ்கார் ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. துரை மட்டும் மேலேயே நின்றது, வாய் திறந்து மூடி, திறந்து மூடி, செவுள் அடிக்கிற வேகத்தை இவர் எண்ண ஆரம்பித்து நாற்பதுக்கு மேல் விட்டுவிட்டார். இதை விற்றிருக்கலாம், கொடுத்திருக்கலாம், ஒரு குணசாலி வீட்டில் நன்றாக இருந்திருக்கும். நான் எடுக்கேன், எடுக்கேன் என்று ஒருநாளாவது சொன்னேனா? தொட்டியை எடுத்தால் குழாயைப் பற்றிப் பேச வேண்டும், குழாயைப் பற்றிப் பேசினால் நோட்டைப் பற்றிப் பேச வேண்டும். அவளுக்கு இளைக்கும்போது முதுகைத் தடவிக் கொடுத்தது நான்தான். தடவிக்கொண்டே மேலே லாஃப்டைப் பார்த்ததும் நான்தான். பார்த்தாயா, பார்க்கவில்லையா? பார்த்தேன். பார்த்தேன், பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பினேன். இந்த வார்த்தை மனசுக்குள் வந்து நின்றது. மூடியை முழுசாகத் தூக்கிச் சுவரில் சாய்த்தார். ரப்பர் குழாயை எடுத்து ஒரு முனையைத் தொட்டிக்குள் போட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினார், வெதுவெதுப்பான மீன்தண்ணீர் வாய்க்குள் வந்தது, துப்பிவிட்டுக் குழாயைக் குளியலறைக்குள் விட்டார். காலி பண்ணு. எல்லாவற்றையும் காலி பண்ணு. அவள் வருவதற்குள் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் குழாய்த்தண்ணீர் பிடித்தார், வலையைத் தேடினார், கிடைக்கவில்லை, கையாலேயே துரையைப் பிடித்தார், அது திமிறவில்லை. ஒவ்வொன்றாக ஐந்தையும் கொண்டுபோய் விட்டார். தரையெல்லாம் தண்ணீர், பனியன் வேட்டியெல்லாம் தண்ணீர். தொட்டியில் நாலு விரற்கடைகூட இறங்கவில்லை. ஆயிரத்து நூறு லிட்டர் அந்தக் குழாய் வழியாக இறங்க ராத்திரி ஆகிவிடும், இது அவருக்குத் தெரியாதா, எத்தனை டாங்க் காலி பண்ணியிருக்கிறார். படுக்கையறையில் எண்பத்துநாலு. காலி பண்ணினால் மட்டும்? அவள் வந்து தொட்டி எங்கே என்று கேட்பாள், ஒனக்காக எடுத்துட்டேன் என்று சொல்லப் போகிறான், அதையும் ஒரு நல்ல பேராக வாங்கிக்கொள்ளப் போகிறான், அட கேடுகெட்டவனே. வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்தார். கனி வெயிலில் கறுத்து, கொஞ்சம் சதை போட்டு, தலையில் கோவில்பட்டிக் கனகாம்பரத்தோடு நின்றாள். கையில் பை. இவர் கோலத்தைப் பார்த்து, "என்னங்க இது, குளிச்சீயளா, விழுந்தீயளா?" என்று சிரித்துக்கொண்டே காலை உள்ளே எடுத்துவைக்கப் போனாள். பொன்னுலிங்கம் நிலைக்கதவின் குறுக்கே கையை வைத்தார்.

"உள்ள வராத, கனி."

"ஏன்? யாரும் வந்திருக்காகளா?"

"யாருமில்ல. எம்பத்துநாலு," என்றார். "அம்பத்தெட்டு இல்ல கனி, எம்பத்துநாலு. என்னைக்குமே அம்பத்தெட்டு இல்ல. ஏசிக்கு நேரா புடிச்சு எடுத்து அனுப்புனேன். டாக்டர்ட்ட சொன்னதும் பொய்யி. நோட்டுல எழுதுனதும் பொய்யி. தொட்டி ஆவிய வெளிய விடல, ஒன் தலைக்கு மேல லாஃப்டுக்குள்ள விட்டுருக்கேன், நாலு வருசமா. பூசணமாப் பூத்துக் கெடக்கு. அதத்தான் நீ இழுத்துக்கிட்டுக் கெடந்த. எனக்குத் தெரியும்." அடிக்கட்டும், திட்டட்டும், இப்படியே திரும்பிப் போகட்டும், இளைக்காமல் போனால் போதும் என்று நின்றார்.

கனி பையைக் கீழே வைத்தாள். மாடிப்படியின் முதல் படியில் மெதுவாக உட்கார்ந்தாள். பைக்குள் கையை விட்டு, சேலைகளுக்கு அடியிலிருந்து பெரிய உறை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"திருநெவேலிக்குக் கூட்டிட்டுப் போயி ராசக்கனி படம் எடுத்தா," என்றாள். "நெஞ்சுல ஒரு எடத்துல வெள்ளையா தெரியுதாம். வீட்டுல எங்கயும் ஈரம், பூசணம் உண்டுமான்னு அந்த டாக்டர் மூணு தடவ கேட்டாரு. இல்லவே இல்லன்னு ஒங்க போட்டோ அத்தனையும் காட்டுனேன். அப்ப இது வேற மாதிரி இருக்கும்மா, கீறி ஒரு துண்டு எடுத்துப் பாக்கணும்னு மதுரைக்கு எழுதிக் குடுத்துட்டாரு. திங்கக்கெழம. அதத்தான் வந்து சொல்லுதேன்னேன். நாலு நாளு ஒங்ககூட வீட்டுல இருந்துட்டுப் போயிருவோம்னு வந்தேன்." உறையின் ஓரத்தை விரலால் நீவினாள். "அன்னைக்கு டாக்டர் வீடு காரணமில்லன்னு சொன்னாருல்லா, அன்னையிலருந்து இதே நெனப்புதான். வீட்டுல ஒண்ணுமில்லன்னா, அப்ப கோளாறு எங்கிட்டதான? வீடு நல்லா இருக்கு, மனுசன் மணிக்கு மணி பாத்து எழுதுதாரு, நாந்தான் உள்ளுக்குள்ள அழுகிக்கிட்டு இருக்கேன்னு."

பொன்னுலிங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே தொட்டித் தண்ணீர் குளியலறையில் விழுகிற சத்தம் கேட்டது. கனி சட்டென்று திரும்பி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். திட்டத்தான் போகிறாள் என்று நினைத்தார். அவள் முகத்தில் கோபமே இல்லை. கண் நிறைந்து, கல்யாணமான புதிதில் பார்த்த மாதிரி ஒரு வெளிச்சம் இருந்தது.

"அப்ப எனக்கு ஒண்ணுமில்லையா?" என்றாள். "இந்தப் பூசணந்தானா? சொல்லுங்க, எனக்கு ஒண்ணுமில்லையா?"

ஒண்ணுமில்ல கனி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. எவ்வளவு சுலபமாக வந்தது. டாக்டர் அறையில் வந்த அதே சுலபம்தான். பொன்னுலிங்கம் பல்லைக் கடித்து அதை விழுங்கினார்.

"தெரியல கனி," என்றார். "நெசமாவே எனக்குத் தெரியல. எந்திரி, அந்தத் திருநெவேலி டாக்டர்ட்ட இன்னைக்கே போவோம். நானே என் வாயால சொல்லுதேன்."

அவள் மணிக்கட்டை விடவில்லை. இரண்டு பேரும் அப்படியே பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்கள்.